சேற்றுக்கு எந்த டயர், எந்த டிஃபரன்ஷியல்? எக்செல்லில் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்!

வீட்டுக்குப் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய பலரும் எக்செல்லை ஒருமுறை திறந்து பார்த்துவிட்டு, கட்டம் கட்டமாக இருக்கிறதே என்று மூடிவிடுகிறார்கள். மளிகைக் கணக்கு, பால் கணக்கு தவிர அதில் என்ன செய்வது என்பது அவர்கள் கேள்வி. ஆயிரக்கணக்கில் பணம் போகப்போகும் ஒரு முடிவை எடுப்பதற்கு முன்னால் அதில் என்ன செய்யலாம் என்பதை இந்தக் கட்டுரையில் பார்ப்போம்.

பண்ருட்டியிலிருந்து நெய்வேலி, வடலூர் வழியாகக் கும்பகோணம் போகும் சாலையில் இருக்கிறது காடாம்புலியூர். சுற்றிலும் முந்திரித் தோப்புகளும் பலா மரங்களும். சாலையை விட்டு இறங்கினால் செம்மண் வண்டித் தடம்தான். கோடையில் எந்த வண்டியும் போகும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அதே தடம் குழம்பாகிவிடும். 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் கரை கடந்தபோதும், 2015 நவம்பர், டிசம்பர் வெள்ளத்தின்போதும் கடலூர் மாவட்டத்தில் உள்கிராமங்களுக்குப் போய்ச் சேருவதே பெரும்பாடாக இருந்தது. அவசரத்துக்கு ஆளை ஏற்றிக்கொண்டு போகும் ஜீப்போ பிக்கப்போ தோப்பு நடுவில் அச்சு வரை புதைந்தால், அது வெறும் வண்டி ரிப்பேர் விஷயம் அல்ல.

அதனால்தான் பலர் "பெரிய டயர் போடு", "லாக் வைத்த டிஃபரன்ஷியல் மாட்டு" என்று யோசனை சொல்கிறார்கள். எது தேவை? எதை முதலில் செய்வது? கணக்குப் போட்டால் பாதிக் கேள்விக்கு விடை கிடைத்துவிடும்.

என்ன தேவை?

மைக்ரோசாஃப்ட் எக்செல் இருந்தால் போதும். இல்லையென்றால் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆஃபீஸில் உள்ள கால்க், அல்லது இன்டர்நெட் இணைப்பு இருந்தால் கூகுள் ஷீட்ஸ். மூன்றிலும் இந்தக் கணக்கு ஒரே மாதிரிதான் வேலை செய்யும்.

மேலே ஏ, பி, சி, டி என்று எழுத்துகளும், இடதுபக்கம் 1, 2, 3 என்று எண்களும் இருக்கும். பி எழுத்துக்குக் கீழே, 5-ஆம் வரிசையில் உள்ள கட்டத்தின் பெயர் பி5. இதைத்தான் செல் என்கிறோம். ஃபார்முலாவில் செல்லின் பெயரை டைப் செய்யத் தேவையில்லை. சமன் குறியை (=) டைப் செய்துவிட்டு, வேண்டிய செல்லின் மேல் மவுஸால் கிளிக் செய்தால் பெயர் தானாக விழும். நாம் இங்கே தமிழில் எழுதியிருக்கும் செல் பெயர்களை நீங்கள் இப்படிக் கிளிக் செய்தே சேர்த்துக்கொள்ளுங்கள். பெருக்கலுக்கு *, வகுத்தலுக்கு / குறிகளைப் பயன்படுத்தவும்.

டயரில் எழுதியிருப்பதைப் படியுங்கள்

டயரின் பக்கவாட்டில் 215/75 ஆர் 15 என்பது போல எழுதியிருக்கும். 215 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 75 என்பது பக்கச்சுவரின் உயரம் அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது. ஆர் என்றால் ரேடியல். 15 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். மூன்று எண்களும் மூன்று விதமான அளவுகள். இந்தக் குழப்பத்தால்தான் டயரின் மொத்த உயரம் பார்த்தவுடன் தெரிவதில்லை.

சில டயர்களில் 31×10.5 ஆர் 15 என்று இருக்கும். இதில் 31 என்பதே மொத்த உயரம், அங்குலத்தில்.

அங்கேயே இன்னும் இரண்டு விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். அளவை அடுத்து வரும் எண் சுமை எண். 100 என்றால் ஒரு டயர் 800 கிலோ தாங்கும். புது டயரில் இந்த எண் பழையதைவிடக் குறையக் கூடாது. நீள்வட்டத்துக்குள் உள்ள நான்கு இலக்கம் தயாரான தேதி. 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம்.

முதல் ஷீட்: டயர் கணக்கு

ஏ நெடுவரிசையில் பெயர்களையும், அடுத்து பி, சி, டி-யில் மூன்று டயர்களின் விவரங்களையும் போடுவோம். பி-யில் வண்டியில் இப்போது உள்ள 215/75 ஆர் 15. சி-யில் 235/75 ஆர் 15. டி-யில் 31×10.5 ஆர் 15. முதல் வரிசையில் இந்தத் தலைப்புகளை டைப் செய்யவும். பிறகு:

வரிசை 2, அகலம்: 215, 235
வரிசை 3, சதவீதம்: 75, 75
வரிசை 4, ரிம்: 15, 15
வரிசை 5, டயர் விட்டம்: பி5 செல்லில் =பி4*25.4+2*பி2*பி3/100

என்டர் தட்டினால் 703.5 என்று வரும். டயரின் மொத்த உயரம் அத்தனை மில்லிமீட்டர். (ஓர் அங்குலம் 25.4 மி.மீ. என்பதால் அந்த எண்.) பி5 செல்லை மறுபடி கிளிக் செய்யுங்கள். அதன் வலது கீழ் மூலையில் சின்னப் புள்ளி ஒன்று தெரியும். அதை மவுஸால் பிடித்து சி5 வரை இழுங்கள். 733.5 வந்துவிடும். ஃபார்முலாவை மறுபடி எழுத வேண்டாம். டி5-இல் மட்டும் =31*25.4 என்று போடவும். விடை 787.4.

வரிசை 6, தரையிலிருந்து எவ்வளவு உயரும்: பி6-இல் =(பி5-$பி$5)/2

இந்த டாலர் குறி எதற்கு? ஃபார்முலாவை இழுக்கும்போது பி5 என்பது சி5, டி5 என்று மாறிக்கொண்டே போகும். ஆனால் ஒப்பிடும் பழைய டயர் மாறக் கூடாது. அதைப் பூட்டி வைப்பதற்குத்தான் டாலர் குறி. பி5-ஐக் கிளிக் செய்தவுடன் கீபோர்டில் எஃப்4 கீயைத் தட்டினால் இரண்டு டாலரும் தானாக விழும். இப்போது டி வரை இழுங்கள். விடை 0, 15, 42 (41.95).

கவனித்தீர்களா? 235 டயருக்குச் செலவு செய்தால் தரைக்கும் வண்டியின் அடிப்பாகத்துக்கும் இடையே கிடைப்பது 15 மில்லிமீட்டர்தான். ஆள்காட்டி விரல் அகலத்தைவிடக் கொஞ்சம் தேவலை.

வரிசை 7, ஸ்பீடாமீட்டர் 60 காட்டும்போது உண்மை வேகம்: =60*பி5/$பி$5. இழுத்தால் 60, 62.6, 67.2. பெரிய டயர் போட்டால் மீட்டர் குறைத்துக் காட்டும் என்பது இதன் பொருள்.

டயர் பெரிதானால் கியர் என்ன ஆகும்?

கடையில் பலரும் சொல்லாமல் விடும் இடம் இது. இன்ஜினின் சுழற்சியைக் கியர்பாக்ஸ் ஒருமுறை குறைக்கிறது. ஃபோர் வீல் டிரைவ் வண்டியில் லோ ரேஞ்ச் இன்னொருமுறை குறைக்கிறது. கடைசியாக டிஃபரன்ஷியலில் உள்ள கிரவுன் வீல், பினியன் மூன்றாவது முறை குறைக்கிறது. அதற்குத்தான் ஃபைனல் டிரைவ் ரேஷியோ என்று பெயர். மூன்றையும் பெருக்கினால் மொத்த ரேஷியோ. உங்கள் வண்டியின் எண்கள் ஓனர்ஸ் மேனுவலில் இருக்கும். உதாரணத்துக்கு இந்த எண்களைப் போடுவோம்.

வரிசை 8, முதல் கியர்: மூன்று நெடுவரிசையிலும் 4
வரிசை 9, லோ ரேஞ்ச்: 2.5
வரிசை 10, ஃபைனல் டிரைவ்: 4.1
வரிசை 11, மொத்த ரேஷியோ: =பி8*பி9*பி10 (விடை 41)
வரிசை 12, இன்ஜின் 1000 ஆர்.பி.எம்.மில் வேகம்: =பி5*0.1885/பி11

0.1885 எங்கிருந்து வந்தது? 3.1416-ஐ 60-ஆல் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் வருவது. மில்லிமீட்டரையும் நிமிடத்தையும் கிலோமீட்டர், மணி என்று மாற்றித் தருகிறது.

விடைகள் மணிக்கு 3.23, 3.37, 3.62 கி.மீ. அதே கியர், அதே இன்ஜின் வேகம். டயர் மட்டும் பெரிதானதால் வண்டி வேகமாக ஓடுகிறது. வேகம் கூடினால் இழுவை குறையும். 31 அங்குல டயரில் தரையைத் தள்ளும் விசை 11 சதவீதம் குறைகிறது. சேற்றில் வலு வேண்டும் என்று பெரிய டயர் வாங்கி, வலுவைக் குறைத்துக்கொண்ட கதை இது.

கோல் சீக் கண்டுபிடித்துத் தரும்

இழந்ததைத் திரும்பப் பெற ஃபைனல் டிரைவ் எவ்வளவு இருக்க வேண்டும்? எக்செல்லையே கேட்போம். டேட்டா டேபில் வாட்-இஃப் அனாலிசிஸ் என்பதைக் கிளிக் செய்து கோல் சீக்கைத் தேர்வு செய்யவும். செட் செல் என்ற இடத்தில் டி12-ஐக் கிளிக் செய்யவும். டூ வேல்யூ என்ற இடத்தில் 3.23. பை சேஞ்சிங் செல் என்ற இடத்தில் டி10. ஓகே கொடுத்தால் டி10-இல் 4.6-க்கு அருகில் ஓர் எண் வரும். லிப்ரே ஆஃபீஸில் இதே வசதி டூல்ஸ் மெனுவில் உள்ளது.

ஜீப் வகை அச்சுகளுக்கு 3.73, 4.10, 4.56, 4.88 போன்ற ரேஷியோக்கள் உண்டு. நமக்கு நெருக்கமானது 4.56. ஆனால் ஃபோர் வீல் டிரைவ் வண்டியில் முன் அச்சு, பின் அச்சு இரண்டிலும் ரேஷியோ ஒன்றாகவே இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் இரண்டும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு கியர் உடையும். ஆக, பெரிய டயரின் விலை என்பது நான்கு டயரின் விலை மட்டுமல்ல. இரண்டு டிஃபரன்ஷியலைப் பிரித்து மாட்டும் செலவும் அதில் அடக்கம்.

இரண்டாவது ஷீட்: டிஃபரன்ஷியல்

வளைவில் திரும்பும்போது வெளிச்சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும். இரு சக்கரங்களும் வேறு வேறு வேகத்தில் சுற்ற வழி செய்வது டிஃபரன்ஷியல். சாதாரண வகையை ஓபன் என்பார்கள். தார் ரோட்டில் இது வரம். சேற்றில் சாபம். ஏனென்றால் அது இரு பக்கமும் எப்போதும் சம அளவு முறுக்குவிசைதான் கொடுக்கும். சகதியில் உள்ள சக்கரம் வழுக்கினால், கெட்டித் தரையில் உள்ள சக்கரத்துக்கும் அதே சொற்ப விசைதான் போகும். ஒரு சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்க, இன்னொன்று சும்மா நிற்பதைப் பார்த்திருப்பீர்கள்.

கீழே உள்ள ஷீட்2 என்ற டேபைக் கிளிக் செய்யவும். இல்லையென்றால் கூட்டல் குறியைத் தட்டினால் புது ஷீட் வரும்.

பி1: சகதியில் உள்ள சக்கரம் வழுக்காமல் தாங்கும் முறுக்குவிசை, 100 (நியூட்டன் மீட்டர்)
பி2: கெட்டித் தரையில் உள்ள சக்கரம் தாங்குவது, 1000
பி3: லிமிடெட் ஸ்லிப் எத்தனை மடங்கு கொடுக்கும், 2.5
பி4: வழுக்கும் சக்கரத்தில் பிரேக் பிடிக்கும் விசை, 400

இப்போது ஒவ்வொரு வகையிலும் வண்டியைத் தள்ளும் மொத்த விசை:

பி6, ஓபன்: =2*பி1 (விடை 200)
பி7, லிமிடெட் ஸ்லிப்: =பி1+பி1*பி3 (விடை 350)
பி8, பிரேக் உதவி: =2*பி1+பி4 (விடை 600)
பி9, லாக்: =பி1+பி2 (விடை 1100)

எந்த விடையும் பி1, பி2 இரண்டின் கூட்டுத்தொகையைத் தாண்ட முடியாது. தாண்டினால் கூட்டுத்தொகையையே எடுத்துக்கொள்ளவும்.

இப்போது பி1-இல் 0 என்று மாற்றி என்டர் தட்டுங்கள். ஒரு சக்கரம் பள்ளத்தின் மேல் அந்தரத்தில் தொங்குகிறது என்று பொருள். விடைகள் 0, 0, 400, 1000 என்று மாறும். மடங்கு கணக்கில் வேலை செய்யும் லிமிடெட் ஸ்லிப் இங்கே கைவிட்டுவிடுகிறது. பூஜ்யத்தை எத்தனை மடங்கு பெருக்கினாலும் பூஜ்யம்தானே! இப்படி ஓர் எண்ணை மாற்றினால் எல்லா விடையும் உடனே மாறுவதுதான் ஸ்ப்ரெட்ஷீட்டின் பலம்.

ஃபோர் வீல் டிரைவ் என்றால் நான்கு சக்கரமும் எப்போதும் இழுக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். இரண்டு அச்சிலும் ஓபன் டிஃபரன்ஷியல் இருந்தால், முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றும் வழுக்கினாலே வண்டி நின்றுவிடும்.

வண்டிக்குள் ஒரு கம்ப்யூட்டர்

மூன்றாவது வகையான பிரேக் உதவி, உங்கள் மேசையில் உள்ள கம்ப்யூட்டருக்கு உறவுதான். ஏ.பி.எஸ். உள்ள வண்டியில் ஒவ்வொரு சக்கரத்திலும் ஒரு சென்சார் உண்டு. சக்கரம் சுற்றும் வேகத்தை அது மின்துடிப்புகளாக அனுப்புகிறது. வண்டிக்குள் உள்ள சிறு கம்ப்யூட்டர் நான்கையும் ஒப்பிட்டு, தறிகெட்டுச் சுற்றும் சக்கரத்தில் மட்டும் பிரேக் பிடிக்கிறது. உடனே மறுபக்கத்துக்கு விசை போகிறது. 2023-இல் இந்தியாவில் விற்பனைக்கு வந்த மாருதி ஜிம்னியில் இந்த முறை உள்ளது. 2020-இல் வந்த மஹிந்திரா தாரில் பிரேக் முறையோடு, சில வகைகளில் பின் அச்சில் தானாகப் பூட்டிக்கொள்ளும் டிஃபரன்ஷியலும் உண்டு.

லாக் என்பது நம் ஊருக்குப் புதிதல்ல. டிராக்டர் ஓட்டுபவர்களைக் கேளுங்கள். வலது காலடியில் டிஃபரன்ஷியல் லாக் பெடல் இருக்கும். ஒரு சக்கரம் சுற்ற ஆரம்பித்ததும் அதை மிதிப்பார்கள். திரும்புவதற்கு முன்னால் கண்டிப்பாக விட்டுவிடுவார்கள். ஜீப்புக்கும் அதே விதிதான். லாக் போட்டுக்கொண்டு தார் ரோட்டில் திரும்பினால் ஸ்டீயரிங் மக்கர் செய்யும், அச்சு முறியும்.

மூன்றாவது ஷீட்: காற்று

செலவே இல்லாத வழி இது. ஒரு சக்கரத்தின் மேல் 450 கிலோ சுமை என்று வையுங்கள். சுமையைக் காற்றழுத்தத்தால் வகுத்தால், டயர் தரையைத் தொடும் பரப்பு தோராயமாகக் கிடைக்கும். பி1-இல் 450, பி2-இல் 30 (பி.எஸ்.ஐ.), பி3-இல் =பி1/(பி2*0.0703) என்று போடவும். விடை 213 சதுர சென்டிமீட்டர். பி2-ஐ 18 ஆக்குங்கள். 356 ஆகிவிடும். டயரை மாற்றாமலே தரையைத் தொடும் பரப்பு ஒன்றரை மடங்குக்கு மேல்!

நெய்வேலிச் சுரங்கத்தில் மண்ணை வெட்டும் ராட்சத பக்கெட் வீல் எக்ஸ்கவேட்டர்கள் டயரில் ஓடாமல் அகலமான இரும்புப் பட்டைகளில் ஊர்வதும் இதே கணக்கால்தான். பரப்பு பெரிதானால் அழுத்தம் குறையும், புதையாது.

தார் ரோட்டுக்கு ஏறுவதற்கு முன்னால் மறுபடி காற்றை ஏற்றிவிட வேண்டும். குறைந்த காற்றோடு வேகமாக ஓட்டினால் டயர் சூடேறி வெடிக்கும். எனவே சிகரெட் லைட்டரில் மாட்டும் சிறு கம்ப்ரஸரும் பிரஷர் கேஜும் வண்டியில் இருக்கட்டும்.

கம்ப்யூட்டருக்குத் தெரியாதது

நாம் போட்ட 100, 1000 என்ற எண்கள் ஊகம். உங்கள் தடத்தின் மண் எப்படி என்று எக்செல்லுக்குத் தெரியாது, உங்களுக்குத்தான் தெரியும்.

காடாம்புலியூர், நெய்வேலிப் பக்கம் மேட்டுச் செம்மண். மேலே குழம்பாக இருந்தாலும் அடியில் கெட்டித் தரை உண்டு. இங்கே அகலம் குறைந்த, உயரமான டயர் சேற்றை வெட்டிக்கொண்டு இறங்கி அடித்தரையைப் பிடிக்கும். சிதம்பரம், காட்டுமன்னார்கோவில் பக்கம் வயல் களிமண். அடி காணாது. அங்கே அகலமான டயரும் குறைந்த காற்றும்தான் மேலே மிதக்க வைக்கும்.

டயரின் மேல் உள்ள பட்டன் அமைப்பும் முக்கியம். ஹெச்.டி. என்பது ரோடு டயர். அதன் சின்ன இடைவெளிகளில் களிமண் அடைத்து மொழுமொழுவென்று ஆகிவிடும். ஏ.டி. ரோட்டுக்கும் மண்ணுக்கும் பொதுவானது. எம்.டி. என்பது சேற்றுக்கென்றே செய்தது. பட்டன்களுக்கு இடையே பெரிய இடைவெளி. சுற்றும் வேகத்தில் சேற்றை வீசி எறிந்து தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும். அதனால் சேற்றில் முதல் கியரில் ஊர்வதைவிட லோ ரேஞ்சில் இரண்டாவது கியரில் சீராகப் போவது பலன் தரும். ஆனால் எம்.டி. டயர் தார் ரோட்டில் இரைச்சல் போடும், சீக்கிரம் தேயும், டீசலும் கூடுதலாகக் குடிக்கும்.

எதை முதலில் செய்வது?

1. காற்றைக் குறைத்துப் பாருங்கள். செலவு கேஜுக்கும் கம்ப்ரஸருக்கும் மட்டும்.
2. பழைய டயர் தேய்ந்து மாற்றும்போது, அதே அளவில் ஏ.டி. டயர் வாங்குங்கள். எப்படியும் செய்ய வேண்டிய செலவு. மழைக்காலம் முழுக்கச் சேற்றில்தான் வேலை என்றால் மட்டும் எம்.டி.
3. அதற்கும் சிக்கினால் பின் அச்சில் லாக் டிஃபரன்ஷியல். இரண்டாவது ஷீட் காட்டிய 200-க்கும் 1100-க்கும் உள்ள வித்தியாசம் இதில்தான் கிடைக்கும். உங்கள் வண்டியின் அச்சுக்குப் பொருந்துமா என்று மெக்கானிக்கிடம் கேட்டுக்கொள்ளவும்.
4. டயர் அளவை மாற்றுவது கடைசி. பெரிய டயர் தருவதைவிடப் பிடுங்குவது அதிகம் என்பதை முதல் ஷீட்டில் பார்த்தோம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு வண்டியில் செய்யும் மாற்றங்களுக்குக் கட்டுப்பாடு விதிக்கிறது. எனவே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்காமல் இறங்க வேண்டாம்.

உங்கள் வண்டியின் எண்களைப் போட்டு ஃபைலை சேவ் செய்து, ஒரு பிரிண்ட் எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு டயர் கடைக்குப் போங்கள். கடைக்காரர் வேறு அளவு சொன்னால் வீட்டுக்கு வந்து அதையும் ஈ நெடுவரிசையில் சேர்த்துப் பாருங்கள். ஃபார்முலாவை இழுத்தால் போதும், ஒரு நிமிட வேலை.